வேலைக்கு ஒரு ஞானஸ்நானம்

என் தம்பி அமெரிக்காவில், டெக்சஸில் இருக்கிறான். ஞாயிறு பின்னேரங்களில் தொலைபேசி எடுப்பான். சுகம் விசாரிப்பதில் தொடங்கும் கதை கொஞ்ச நேரத்தில் சண்டையில் வந்து நிற்கும். சண்டைக்குக் காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான். அரசாங்கப் பாடசாலை வகுப்பறையில் பத்துக் கட்டளையைச் சுவரில் மாட்டலாமா, பொதுமக்களின் வரிக்காசைச் சமயப் பாடசாலைக்குக் கொடுக்கலாமா என்று அங்கே வருடக்கணக்காக அடிபடுகிறார்கள். தம்பி மாட்ட வேண்டும் என்கிற பக்கம். நான் மற்றப் பக்கம். இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தில் ஒரே தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அவன் இன்னும் விசுவாசி. நான் பூசைக்குப் போவதை விட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது.

“ஆண்டவர்ரை வார்த்தையைச் சுவரிலை கண்டால் பிள்ளையள் கெட்டுப்போகுங்களோ அண்ணை?” என்று கேட்பான்.

“உன்ரை வீட்டுச் சுவரிலை கொழுவு. நடு நெத்தியிலை வேணுமெண்டாலும் ஒட்டு. அந்த வகுப்பிலை முஸ்லிம் பிள்ளை இருக்குது, யூதப் பிள்ளை இருக்குது, எங்கடை சைவப் பிள்ளையும் இருக்குது. அதுகளின்ரை தேப்பன்மார் கட்டுற வரியிலை ஏன்ரா உன்ரை ஆண்டவர் தொங்கவேணும்?”

“அண்ணை, நீங்கள் நரகத்துக்குத்தான் போவியள்.”

“போனால் அங்கை உன்ரை தொல்லையாவது இராது.”

இப்படித்தான் போகும். கனடாவில் இந்தப் பைத்தியக்காரத்தனம் இல்லை என்று அவனிடம் பலமுறை பெருமையடித்திருக்கிறேன். ஒரு நாள் அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தான்.

“நீங்கள் இருக்கிற மாகாணத்திலை கத்தோலிக்கப் பள்ளிக்கூடம் முழுக்க அரசாங்கக் காசிலை நடக்குது அண்ணை. கட்டடம், பஸ், வாத்திமாரின்ரை சம்பளம், எல்லாம். இஞ்சை எங்களுக்கு ஒரு படம் கொழுவுறதுக்கே கோடு கச்சேரி எண்டு போகவேண்டிக் கிடக்கு. நீங்கள் எனக்குப் படிப்பிக்க வாறியள்!”

தொலைபேசியை வைத்துவிட்டேன். அவன் சொன்னது பொய்யில்லை. அது அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் ஸ்காபரோவில், அஜின்கோர்ட் பகுதியில் ஒரு பொதுப் பாடசாலையில் கேயர்டேக்கர். கூட்டுவது, கழுவுவது, பனி தள்ளுவது, பிள்ளைகள் சத்தி எடுத்த இடத்தில் மரத்தூள் போடுவது, எல்லாம் என் வேலை. எங்கள் பாடசாலைக்குப் பின்னால் ஒரு விளையாட்டு மைதானம். மைதானத்தின் நடுவே கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் கத்தோலிக்கப் பாடசாலை. அதே சிவப்புச் செங்கல், அதே தட்டைக் கூரை. அங்கே ஒரு கொதிகலன், இங்கே ஒரு கொதிகலன். அங்கே ஓர் அதிபர், இங்கே ஓர் அதிபர். காலையில் ஒரே தெருவால் இரண்டு மஞ்சள் பஸ் பாதி பாதி நிரம்பி வரும். ஒரே மாடிக் கட்டடத்தில் அடுத்தடுத்த கதவில் இருக்கிற பிள்ளைகள் ஆளுக்கொரு பஸ்ஸில் ஏறுவார்கள்.

இந்த நாடு உருவானபோது இந்த மாகாணத்தில் கத்தோலிக்கர் சிறுபான்மை. பெரும்பான்மையான புரட்டஸ்தாந்துக்காரர் தங்கள் பிள்ளைகளை விழுங்கிவிடுவார்கள் என்று பயந்தார்கள். அதனால் அவர்களுக்குத் தனிப் பாடசாலை உண்டு என்று அரசியலமைப்பில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காலத்துக்கு அது நியாயமாக இருந்திருக்கலாம். இன்றைக்கு ஸ்காபரோவில் கத்தோலிக்கரை யார் விழுங்கப் போகிறார்கள்? ஆனால் எழுதியது எழுதியதுதான். முஸ்லிம், சைவர், சீக்கியர், யூதர் எல்லோரும் வரி கட்டலாம். தங்கள் சமயப் பாடசாலை வேண்டுமென்றால் சொந்தக் காசில் நடத்த வேண்டும்.

வேலிக்கு அந்தப் பக்கம் கேயர்டேக்கராக இருப்பவரும் தமிழ் பேசுகிறவர். யாழ்ப்பாணத்து முஸ்லிம். சிறுவனாக இருந்தபோது, இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டுப் போ என்று துரத்தப்பட்டவர்களில் ஒருவர். துரத்தியவர்கள் எங்கள் ஆட்கள். அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரு முறைதான் கதைத்திருக்கிறோம். நான் அவரை நானா, அதாவது அண்ணன், என்பேன். அவர் என்னை அண்ணை என்பார். யார் மூத்தவர் என்று கேட்டுக்கொண்டதில்லை. பனி கொட்டும் காலையில் இரண்டு பேரும் வேலியடியில் நின்று ஐந்து நிமிடம் கதைப்போம்.

“உங்களிட்டை இந்த வேலைக்குச் சமயம் கேட்கேல்லையோ நானா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“கேட்கேல்லை. முதுகு சுகமோ எண்டுதான் கேட்டாங்கள்.”

“அப்ப படிப்பிக்கிற வேலைக்கு?”

“அது வேறை. அதுக்கு ஃபாதர்ரை கடிதம் வேணும். கக்கூசு கழுவ எந்த ஆண்டவரும் ஓகே அண்ணை.”

அன்றைக்கு வயிறு நோகச் சிரித்தேன். அடுத்த வருடமே அந்தப் பகிடி என் வீட்டுக் கதவைத் தட்டும் என்று தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டேன்.

என் மகள் ஆசிரியை. படித்து முடித்துத் தகுதி எடுத்து ஆறேழு வருடமாகிவிட்டது. இன்னும் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. பொதுப் பாடசாலைச் சபையின் பதில் ஆசிரியர் பட்டியலில் இருக்கிறாள். எங்கேயாவது ஓர் ஆசிரியருக்குத் தடிமன், காய்ச்சல் வந்தால் இவளுக்கு விடியற்காலையில் தொலைபேசி அடிக்கும். ஸ்காபரோவுக்குக் கிழக்கே விட்பியில் வீடு. அங்கிருந்து நெடுஞ்சாலை எடுத்து, அன்றைக்குச் சொன்ன பாடசாலைக்கு ஓடவேண்டும். இன்று ஒன்றாம் வகுப்பு, நாளைக்கு எட்டாம் வகுப்பு. பிள்ளைகளின் பெயர் மனதில் பதிய முதல் அடுத்த பாடசாலை. மருமகனுக்குக் கணினி வேலை, அதுவும் ஒப்பந்தம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, புதுப்பிப்பார்களா விடுவார்களா என்று காத்திருக்க வேண்டும்.

அவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை. நான்கு வயது. மகளுக்கு இன்னொரு பிள்ளை வேண்டும். அதை அவள் மறைத்ததில்லை. பிள்ளையின் மரத் தொட்டிலைக் கழற்றாமல் நிலக்கீழ் அறையில் பெட்ஷீட்டால் மூடி வைத்திருந்தாள். நிரந்தர வேலை கிடைத்தால் பிரசவ விடுப்பு இருக்கும். விடுப்பு முடிந்து திரும்பிப் போக ஒரு வகுப்பறை இருக்கும். பட்டியலில் இருப்பவளுக்கு அது ஒன்றும் இல்லை. முதல் பிள்ளைக்கு அந்தக் கஷ்டத்தை ஒரு முறை பட்டுவிட்டார்கள். அவளுக்கு வயதும் முப்பத்தாறைத் தாண்டிவிட்டது.

“ரெண்டு பேரில ஒருத்தருக்காவது பேர்மனன்ட் வேணும் அப்பா. இல்லாட்டி நினைக்கவே ஏலாது” என்றாள்.

கத்தோலிக்கப் பாடசாலைச் சபையில் படிப்பிக்கும் அவளுடைய சிநேகிதி ஒருத்தி தங்கள் பக்கம் ஆள் தட்டுப்பாடு என்று சொல்லியிருக்கிறாள். நீ ஞானஸ்நானம் பெற்றவள்தானே, ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டிருக்கிறாள். விண்ணப்பிக்கலாம். ஆனால் எங்கள் தேவாலயத்தின் பாதிரியார், பங்குச் சுவாமி, இவள் ஒழுங்காகப் பூசைக்கு வருகிற கத்தோலிக்கப் பெண் என்று கடிதம் கொடுக்க வேண்டும். சம்பளம் கொடுப்பது அரசாங்கம். யார் சம்பளம் வாங்கலாம் என்று சொல்வது சுவாமி.

இந்த இடத்தில் என் மனைவியின் கெட்டித்தனத்தைச் சொல்ல வேண்டும். தேவாலயத்தில் பதிந்த குடும்பங்களுக்கு வருடத் தொடக்கத்தில் ஒரு பெட்டி கொடுப்பார்கள். அதற்குள் ஞாயிறுக்கு ஒன்றாகக் காணிக்கை உறைகள் இருக்கும். ஒவ்வொரு உறையிலும் அந்தக் குடும்பத்தின் இலக்கம் இருக்கும். யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று தேவாலயத்துக்குத் தெரிவது அந்த இலக்கத்தால்தான். எங்கள் சனம் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறது. மகனோ மகளோ ஆசிரியர் படிப்புக்குப் போனதும் அவர்களின் பெயரில் தனியாக ஒரு பெட்டி எடுத்துவிடுவார்கள். பிள்ளை வராவிட்டாலும் உறை வரும். தாய் தன்னுடையதையும் பிள்ளையுடையதையும் சேர்த்துத் தட்டில் போடுவாள். நான் பூசைக்குப் போன காலத்தில், தமிழ்ப் பூசையில் தட்டு வரும்போது இரண்டு மூன்று உறை போடுகிற தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். பக்தி என்று நினைத்திருந்தேன்.

“அவளின்ரை உறை ஒரு கிழமையும் தவறேல்லை” என்றாள் மனைவி. பெருமையாகத்தான் சொன்னாள்.

“எத்தனை வருசமா?”

“அவள் படிக்கத் துவங்கின நாளிலயிருந்து. நீங்கள் உங்கடை தம்பியோட அமெரிக்காவைத் திருத்திக்கொண்டிருந்தியள். வீட்டுக் காரியத்தை ஆரும் பார்க்கத்தானே வேணும்.”

“இது களவு.”

“என்ன களவு? காசு எங்கடை, பெயர் எங்கடை. விசர்க்கதை கதையாதேங்கோ.”

சுவாமியைப் பார்க்கப் போனோம். நான், மனைவி, மகள், மருமகன் நான்கு பேரும். என்னை வரவேண்டாம் என்றுதான் மனைவி சொன்னாள். வாயைத் திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்துகொண்டு போனேன். சுவாமி தமிழ்நாட்டுக்காரர், என்னைவிட இளையவர். வந்து கொஞ்ச நாள்தான். மரியாதையான மனிதர். தானே தேநீர் போட்டுக் கொடுத்தார்.

“ரெஜிஸ்டர்ல பார்த்தேம்மா. உங்க கவர் ரெகுலரா வந்துட்டு இருக்கு. ரொம்ப சந்தோஷம். நீங்க எந்தப் பூசைக்கு வர்றீங்க? நான் பார்த்த ஞாபகம் இல்லையே.”

மனைவி வாய் திறக்கப் போனாள். மகள் முந்திவிட்டாள்.

“நான் வாறேல்லை ஃபாதர். அம்மாதான் போடுறவ.”

மனைவி மகளின் தொடையில் கிள்ளியது எனக்குத் தெரிந்தது. சுவாமிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் கோபப்படவில்லை. தேநீரைக் குடித்து முடித்தார்.

“உண்மைய சொன்னீங்க. நல்லது. கல்யாணம் எங்க ஆச்சு?”

கலியாணம் நடந்தது றிச்மண்ட் ஹில் பக்கத்தில் ஒரு கோயிலில். கொரோனாக் காலம். மருமகன் சைவம். ஐயர் முகக்கவசத்தோடு மந்திரம் சொன்னார். தேவாலயத்திலும் ஒருநாள் ஆசீர்வாதம் வைப்போம், எல்லாம் திறக்கட்டும் என்று பேசிக்கொண்டோம். எல்லாம் திறந்தது. அதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. யாரும் அந்தப் பேச்சைத் திரும்ப எடுக்கவில்லை.

சுவாமி செய்ய வேண்டியவற்றைச் சொன்னார். கலியாணத்தைத் தேவாலயத்தில் ஒழுங்காக்க வேண்டும். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும். ஆறு மாதமாவது குடும்பமாகப் பூசைக்கு வரவேண்டும். அதன் பிறகு கடிதம் பற்றிப் பேசலாம்.

மருமகன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். அவன் அதிகம் பேசாத பொடியன். “நானும் மாறவேணுமோ ஃபாதர்?” என்று கேட்டான்.

“வேணாம் தம்பி. நீங்க உங்க சமயத்துலயே இருக்கலாம். பிள்ளைங்களை மட்டும் திருச்சபையில வளர்க்கிறதா உங்க மனைவி வாக்கு கொடுக்கணும். பிறக்கப்போற பிள்ளைங்களையும் சேர்த்துத்தான்.”

என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

“ஃபாதர், அது அரசாங்கச் சம்பளம். நான் வரி கட்டுறன், இவன் வரி கட்டுறான், இவன்ரை தாய் தேப்பன் வரி கட்டுறவை. என்ரை பிள்ளை கணக்குப் படிப்பிக்கப் போறாள். ரெண்டும் ரெண்டும் நாலு எண்டு சொல்லிக்குடுக்க அவள் எங்கை கலியாணம் கட்டினாள் எண்டு நீங்கள் ஏன் கேட்கிறியள்?”

“அப்பா, ப்ளீஸ்” என்றாள் மகள்.

சுவாமி என்னைப் பார்த்தார். “ஐயா, நீங்க கேக்குறது நியாயம்தான். ஆனா சட்டம் நான் போட்டதில்ல. பள்ளிக்கூடம் கத்தோலிக்கப் பள்ளிக்கூடமா இருக்கணும்னா சொல்லிக் கொடுக்கிறவங்க கத்தோலிக்கரா வாழணும். அரசாங்கம் காசு கொடுக்கக் கூடாதுன்னா நீங்க அரசாங்கத்துக்கிட்டதான் சொல்லணும். என்கிட்ட பொய் எழுதச் சொல்லாதீங்க.”

அவர் ஓர் அயோக்கியனாக இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்திருக்கலாம். அவர் தன் வேலையை நேர்மையாகச் செய்தார். அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தவர்களைத்தான் நான் பிடிக்க வேண்டும். ஆனால் எங்கே போய்ப் பிடிப்பது?

மாகாணத் தேர்தல் வந்தது. ஒரு தமிழ் வேட்பாளர் எங்கள் வீட்டுக் கதவுக்கு வந்தார். நல்ல கோட், நல்ல சிரிப்பு. அந்தக் கிழமை முகநூலில் அவரை எல்லா இடத்திலும் பார்த்திருந்தேன். கோயிலில் வீபூதியோடு, பள்ளிவாசலில் தொப்பியோடு, தேவாலயத்தில் மெழுகுதிரியோடு. நான் நேராகக் கேட்டேன். இரண்டு பள்ளிக்கூடச் சபையையும் ஒன்றாக்குவீர்களா?

“அங்கிள், அது கொன்ஸ்ரிரியூஷன் விசயம்.”

“அது எனக்குத் தெரியும். வேறை மாகாணங்கள் மாத்தினவை. நீங்கள் செய்வியளோ, மாட்டியளோ?”

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “உந்த விசயத்தை இப்ப ஒருத்தரும் தொடமாட்டினம் அங்கிள். எந்தக் கட்சியும். தொட்டவை எல்லாம் தோத்தவை. உண்மையாச் சொல்லப்போனால் என்ரை ரெண்டு பிள்ளையளும் அங்கைதான் படிக்குதுகள். நல்ல யூனிஃபோர்ம், நல்ல டிசிப்ளின்.”

“நீங்கள் சைவம் அல்லோ?”

“மனிசியின்ரை அம்மா கத்தோலிக்கம்.” சிரித்தார். நோட்டீஸைத் தந்துவிட்டுப் போனார்.

சம்பந்தியிடம் பேசிப் பார்த்தேன். மருமகனின் தகப்பன் கோயில் நிர்வாகத்தில் இருப்பவர். இந்த அநியாயம் அவருக்குத்தான் முதலில் சுட வேண்டும் என்று நினைத்தேன். அவர் நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். கடைசியில், “ஓம், பிழைதான். எங்களுக்கும் அதுபோல அரசாங்கக் காசிலை ஒரு சைவப் பள்ளிக்கூடம் தரவேணும்” என்றார்.

நான் அதைச் சொல்லவில்லை என்றேன். ஒருவருக்கும் தரக்கூடாது என்று சொன்னேன்.

“ஒருத்தருக்கும் வேண்டாம் எண்டால் பிள்ளையளுக்கு ஆர் சமயம் சொல்லிக்குடுக்கிறது?”

“நீங்கள் சொல்லிக்குடுங்கோ. உங்கடை வீட்டிலை.”

“எங்களுக்கு எங்கை நேரம்?” என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. இங்கே ஒருவருக்கும் அரசாங்கமும் சமயமும் பிரிய வேண்டியதில்லை. சமயத்துக்கு அரசாங்கம் கொடுப்பதில் தங்களுக்கும் ஒரு பங்கு வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்காவில் சண்டையாவது போடுகிறார்கள். யாரோ ஒரு தாய் நீதிமன்றத்துக்குப் போகிறாள். பத்திரிகையில் எழுதுகிறார்கள். ஒருவர் தோற்றால் அடுத்தவர் வழக்குப் போடுகிறார். இங்கே எல்லோரும் நல்ல மனிதர்கள். யாரும் சத்தம் போடுவதில்லை. நாங்கள் வந்த நாடும் ஒரு சமயத்துக்கு முதலிடம் என்று அரசியலமைப்பில் எழுதி வைத்த நாடுதான். அதன் பலன் என்னவென்று எங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. அந்தச் சனம்தான் இங்கே வந்து, எங்களுக்கும் ஒரு வரி எழுதித் தாருங்கள் என்று வரிசையில் நிற்கிறது.

மகள் என்னோடு விவாதிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை வந்து சமையலறையில் நின்றாள்.

“அப்பா, நாங்கள் செய்யப்போறம்.”

“எல்லாத்தையுமோ?”

“எல்லாத்தையும். நீங்களும் வாங்கோ. ஃபாதர் குடும்பமா எண்டு சொன்னவர். நீங்கள் வராட்டில் ஏன் தேப்பன் வரேல்லை எண்டு கேட்பினம்.”

“எனக்கு நம்பிக்கை இல்லை எண்டு உனக்குத் தெரியும்.”

“எனக்கும்தான் இல்லை” என்றாள். “நான் உங்களிட்ட நம்பச் சொல்லேல்லை. வந்து இருங்கோ எண்டுதான் கேட்கிறன்.”

போனேன். ஞாயிறுக்கு ஞாயிறு போனேன். அவர்கள் விட்பியிலிருந்து பிள்ளையைப் பின் இருக்கையில் கட்டிக்கொண்டு வருவார்கள். எல்லோரும் ஒரே நீள வாங்கில் உட்காருவோம். சுவாமிக்குத் தெரிகிற மாதிரி மூன்றாவது வரிசை. அது மனைவியின் ஏற்பாடு. கேயர்டேக்கரின் முழங்கால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மண்டியிட்டால் எழும்ப முன்வாங்கைப் பிடிக்க வேண்டும். பக்கத்தில் மருமகன், சைவப் பிள்ளை, எங்கே எழும்புவது எங்கே இருப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்துப் பார்த்துச் செய்வான். பூசையின் வசனம் ஒவ்வொன்றும் எனக்கு இன்னும் மனப்பாடம். வாய் தானாகச் சொன்னது. அதுதான் எனக்கு அதிகம் எரிச்சல் தந்தது.

கலியாணம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், ஆளில்லாத தேவாலயத்தில், சாட்சிகளோடு முடிந்தது. தாலியைக் கழற்றவில்லை. சுவாமி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு வரச்சொல்லி மருமகனின் தாய்க்கு மகள் தொலைபேசி எடுத்தாள். அந்த அம்மா கத்தவில்லை, அழவில்லை.

“உங்களுக்கு வேலை வேணும். செய்யுங்கோ பிள்ளை. நான் ஒண்டும் சொல்லேல்லை. எனக்குப் படம் மட்டும் அனுப்பிப் போடாதேங்கோ.”

ஆனால் படம் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கள் சனத்தின் வட்ஸ்அப்பில் எது போகாமல் இருக்கும்? அதற்குப் பிறகு அவர் விட்பிக்கு வருவது குறைந்தது. முன்பு வெள்ளிக்கிழமைகளில் வந்து பிள்ளையைக் குளிப்பாட்டி, வீபூதி பூசி, சோறு தீத்திவிட்டுப் போவார். இப்போது கால் நோகிறது என்கிறார். பிள்ளை கேட்கிறது: “அப்பம்மாவுக்கு எப்ப கால் சுகம் வரும்?”

ஞானஸ்நானத்தன்று பிள்ளை அழவில்லை. நான்கு வயது, அழுகிற வயதில்லை. தலையில் தண்ணீர் ஊற்றியதும் சுவாமியை நிமிர்ந்து பார்த்து, “ஷாம்பூ போடேல்லையோ?” என்று சத்தமாகக் கேட்டது. தேவாலயம் முழுக்கச் சிரித்தது. சுவாமியும் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த ஆறு மாதத்தில் அந்த இடத்தில் ஒருவர் உண்மையாகக் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

கடிதம் கிடைத்தது. நல்ல கடிதம். குடும்பமாகத் தவறாமல் பூசைக்கு வருகிறார்கள் என்று சுவாமி எழுதியிருந்தார். அது உண்மை. மகள் விண்ணப்பித்தாள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். வகுப்பறையில் விசுவாசத்தை எப்படிக் கொண்டுவருவாய் என்று கேட்டார்களாம். என்ன சொன்னாய் என்று நான் கேட்டேன். “அவை கேட்க விரும்பினதைச் சொன்னன்” என்றாள்.

எடுத்துக்கொண்டார்கள். மனைவி எல்லோருக்கும் தொலைபேசி எடுத்துச் சொன்னாள். ஒரு கிழமை கழித்துத்தான் விபரம் விளங்கியது. எடுத்தது பதில் ஆசிரியர் பட்டியலில். எல்லோரும் முதலில் அந்தப் பட்டியலில்தான் தொடங்க வேண்டுமாம். அதில் சில வருடம் நின்று, பிறகு தற்காலிக வேலை, பிறகு இடம் வந்தால் நிரந்தரம். ஆள் தட்டுப்பாடு என்று சிநேகிதி சொன்னது பொய்யில்லை. தட்டுப்பாடு அந்தப் பட்டியலில்தான். ஆசிரியர்களுக்குத் தடிமன் வரும் நாட்களுக்குத்தான் ஆள் தேவை.

“அப்ப நிரந்தரம் வரேக்கை?” என்று கேட்டேன்.

“வந்தால் திருப்பி அப்ளை பண்ணவேணும். புதுக் கடிதத்தோட. பழையது ஒரு வருசத்துக்குத்தான் செல்லும்.”

“அதுவரைக்கும்?”

“போய்க்கொண்டிருக்க வேணும்.”

இப்போது அவளுக்கு விடியற்காலையில் இரண்டு சபையிலிருந்தும் தொலைபேசி அடிக்கிறது. ஒன்றை எடுத்தால் மற்றதை விடவேண்டும். ஒரு பக்கம் போனால் காலையில் தேசிய கீதத்தோடு செபமும் சொல்கிறாள். மறுபக்கம் போனால் தேசிய கீதம் மட்டும். வீட்டில் அவளுக்கு முன்னால் நான் இந்த விசயத்தைக் கதைப்பதில்லை. ஒருமுறை தொடங்கினேன். “அப்பா, நீங்கள் சொல்லுறது எல்லாம் சரி. சரியா இருந்து என்ன வந்தது?” என்றாள். தம்பி தொலைபேசி எடுத்தால் மழை, வெயில் பற்றிக் கதைக்கிறேன். சேர்ச்சுக்குத் திரும்பிவிட்டேன் என்று மனைவி அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். அவன் எனக்காகச் செபித்ததால்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நினைக்கட்டும்.

போன சனிக்கிழமை மருமகன் கூப்பிட்டான். ஒரு சாமானைக் கழற்ற வேண்டும், ஸ்பானர்களோடு வாருங்கள் மாமா என்றான். போனேன். நிலக்கீழ் அறையில் தொட்டிலை நடுவுக்கு இழுத்து வைத்திருந்தான். இணையத்தில் இலவசம் என்று போட்டிருக்கிறார்கள். பின்னேரம் ஆட்கள் வருகிறார்களாம்.

“அவள்தான் போடச் சொன்னவ” என்றான்.

“உமக்குச் சம்மதமோ?”

அவன் ஆணியைப் பார்த்துக்கொண்டு, “எனக்கென்ன மாமா” என்றான்.

இரண்டு பேரும் குந்தியிருந்து கழற்றினோம். ஒரு பலகையில் பேத்தி பல் முளைக்கும்போது கடித்த தடம் இருந்தது. மருமகன் அதை விரலால் தடவிவிட்டு மற்றப் பலகைகளோடு அடுக்கினான். வந்தவர்கள் ஓர் இளம் சோடி. அந்தப் பெண்ணுக்கு வயிறு தெரிந்தது. நல்ல தொட்டில், உங்களுக்கு இனித் தேவைப்படாதா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மரியாதைக்குக் கேட்டாள். இல்லை, எங்களுக்கு முடிந்துவிட்டது என்று மருமகன் சொன்னான். பலகைகளை நானும் தூக்கிக்கொண்டு போய் அவர்களின் வாகனத்தில் ஏற்றினேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

மேலே மகள் சமையலறை மேசையில் பிள்ளையின் வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். வாகனம் வெளிக்கிட்ட சத்தம் கேட்டிருக்கும். யன்னல் பக்கம் திரும்பவில்லை. ஸ்பானர்களைப் பைக்குள் போட்டேன். அவளிடம் கேட்டேன்.

“நாளைக்குப் பூசைக்கு வாறியளோ?”

“ஓம் அப்பா. பிந்திப் போடாதேங்கோ” என்றாள், சட்டையின் கையைத் திருப்பிப் போட்டபடி. “போன கிழமை நீங்கள் பிந்தி வந்ததை ஃபாதர் பார்த்தவர்.”